பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்: ஹாலில் பாட்டு கேட்க நான்கு வழிகள்

மச்சினன் திருச்சியில் புது வீடு கட்டிக் குடிபோய் நாலு மாதம் ஆகிறது. டிவி மாட்டி, சோபா வந்து, எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் போன் செய்தான். "மாமா, அறுபதாயிரம் தனியா எடுத்து வச்சிருக்கேன். பாட்டு கேக்க மட்டும். கடைக்காரர் சவுண்ட்பார் வாங்கச் சொல்றார், ஆபீஸ்ல ஒருத்தர் ஆப்பிளோட ஹோம்பாட் ஸ்பீக்கர் வாங்கச் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு போனை வைக்க ஆசைதான். ஆனால் ஏன் என்று கேட்பான். அவன் அக்காவைப் போலவே அவனும் காரணம் கேட்காமல் விடமாட்டான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவனுக்காக எழுதி வைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துத் தருகிறேன். 12 அடிக்கு 15 அடி ஹால், டைல்ஸ் தரை, மேலே இரண்டு ஃபேன், கேட்பது சினிமாப் பாட்டும் கொஞ்சம் கர்நாடக சங்கீதமும். உங்கள் வீடும் ஏறத்தாழ இப்படித்தான் என்றால் உங்களுக்கும் உதவும்.

முதலில் என் கதை. 2016இல் 28,000 ரூபாய் கொடுத்து ஒரு வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. சத்தம் நன்றாகவே இருந்தது. நாலு வருடம் கழித்து போனை மாற்றினேன். ஸ்பீக்கரின் ஆப் புதுப் போனில் ஏறவில்லை. கம்பெனி அந்த ஆப்பையே கைவிட்டிருந்தது. சரி, வேறு வழி இருக்கும் என்று ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். கரன்ட் ஒயர் போகும் ஓட்டை ஒன்றுதான் இருந்தது. ஒயர் சொருக ஆக்ஸ் ஓட்டை இல்லை, ஒளி வழியாக ஒலி போகும் ஆப்டிகல் ஓட்டையும் இல்லை. உள்ளே கோன், காந்தம், ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) எல்லாம் கல்லு மாதிரி இருக்கின்றன. வெளியிலிருந்து பாட்டை உள்ளே கொண்டுபோகத்தான் வழியில்லை. இப்போது அதன் மேல் மணி பிளான்ட் வளர்கிறது.

ஆயுள் கணக்கு

வாங்கும்போது எல்லோரும் வாட் கணக்கு, பிட் கணக்கு எல்லாம் பார்க்கிறார்கள். ஆயுள் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

ஸ்பீக்கர் என்பது பழைய கருவி. காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள் அசைந்து கூம்பைத் தள்ளும்; கூம்பு காற்றைத் தள்ளும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925இல் இதை முறையாக விளக்கி எழுதினார்கள். நூறு வருடம் ஆகியும் இன்று கடையில் இருக்கும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ரப்பர் விளிம்பு உள்ள ஸ்பீக்கர் முப்பது வருடம் தாராளமாக ஓடும். ஃபோம் விளிம்பு என்றால் நம் ஊர் ஈரக்காற்றில் பதினைந்து, இருபது வருடத்தில் உதிர்ந்துவிடும். பரணில் பழைய செட் கிடந்தால் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், மாவு மாதிரி கையில் வந்தால் அது ஃபோம்.

இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இழுத்துத் தரும் ஸ்ட்ரீமிங் பகுதியின் ஆயுள் வேறு. கூகுள் 2015இல் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன வட்டை விற்க ஆரம்பித்தது; 2019 ஜனவரியில் நிறுத்திவிட்டது. லாஜிடெக் இதே வேலைக்கான தன் ஸ்க்வீஸ்பாக்ஸை 2012இல் கைகழுவியது. ஆப்பிளின் ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் என்ற வைஃபை பெட்டி 2018இல் போனது. வயர்லெஸ் ஸ்பீக்கர் செய்யும் சோனோஸ் 2024 மே மாதம் தன் ஆப்பை அடியோடு மாற்றி வெளியிட்டபோது அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற பழைய வசதிகள் காணாமல் போயின. வாங்கியவர்கள் கொதித்ததில், அடுத்த ஜனவரியில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். இதெல்லாம் பெரிய, பணக்காரக் கம்பெனிகள். சின்னக் கம்பெனிகளின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் ஒன்று. குரோம்காஸ்ட் ஆடியோவை ஒரு ஆம்ப்பில் சொருகி வைத்திருந்தவர்கள் அது நின்றுபோனால் அந்த வட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு, வேறொன்றை அதே ஓட்டையில் சொருகிக்கொள்ளலாம். நஷ்டம் சில ஆயிரத்தோடு போயிற்று. எனக்குப் போனது 28,000. வித்தியாசம் பின்பக்கத்தில்தான் இருந்தது.

பாட்டு எந்தத் தரத்தில் வருகிறது

இதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதிகம் கவலைப்படுவதும் இதற்குத்தான், கவலைப்படத் தேவை குறைவாக இருப்பதும் இதில்தான்.

சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 1,411 கிலோபிட். ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் முதல் கூடுதல் காசு வாங்காமல் லாஸ்லெஸ் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கியது) தருகிறது, அதிகபட்சம் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை. ஸ்பாட்டிஃபை வெகுகாலம் 320 கிலோபிட்டிலேயே நின்றுவிட்டு, 2025 செப்டம்பரில்தான் 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் லாஸ்லெஸை அறிவித்தது; இந்தியாவில் அது பிளாட்டினம் சந்தாவில் வருகிறது. யூடியூப் மியூசிக் 256 கிலோபிட். வெளிநாட்டு ஆடியோ வீடியோக்களில் ஓயாமல் பேசப்படும் டைடல், கோபஸ் என்ற பாட்டுச் சேவைகள் இந்தியாவில் கடை விரிக்கவில்லை, ஆகவே அந்தச் சண்டையை நாம் பார்க்க வேண்டியதில்லை.

இந்த எண்களில் காதுக்கு எட்டுவது எவ்வளவு? 320 கிலோபிட்டையும் லாஸ்லெஸையும் சத்த அளவைச் சமமாக வைத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்லி வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு இருபது தடவை ஊகித்தேன். பதினொன்று சரி. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் ஏறத்தாழ அதுதான் வந்திருக்கும். சத்த அளவைச் சமமாக்குவது முக்கியம். கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதை நம் காது "நல்லா இருக்கு" என்று எடுத்துக்கொள்ளும். கடையில் டெமோ போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

லாஸ்லெஸே இப்படி என்றால், சிடி தரத்தையும் தாண்டிய ஹை-ரெஸ் பற்றி என்ன சொல்ல? 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கும். மேலே ஃபேன் சுற்றும் நம் ஹாலில் இரைச்சலே 40 டெசிபெலுக்குக் குறையாது. அதற்கு மேல் 96ஐ வைத்தால் 136. அந்தச் சத்தத்தில் காது வலிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதற்கு முன் நாமே ஓடிவிடுவோம். ஆகவே 24 பிட் தரும் 144 டெசிபெல் ஸ்டுடியோவில் பதிவு செய்பவர்களுக்கு வேண்டியது. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கேட்பவருக்கு அது கணக்கிலேயே இல்லை. 44.1 கிலோஹெர்ட்ஸில் 22,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகும். மனிதக் காதின் எல்லை இளமையிலேயே 20,000. வயதாக ஆக இறங்கிக்கொண்டே வரும். இன்னொன்று, 24/192 பாட்டுக்குச் சுருக்காத கணக்கில் மணிக்கு 4 ஜிபிக்கு மேல் ஆகும். யாருக்காக?

தமிழ்ப் பாட்டில் இதைவிடப் பெரிய வித்தியாசம் பதிவிலேயே இருக்கிறது. எழுபது, எண்பதுகளின் ஒரே பாட்டு ஒரே ஆப்பில் நாலு ஆல்பத்தில் கிடைக்கும்: மூல ஆல்பம், "ஹிட்ஸ்" தொகுப்பு, இன்னொரு தொகுப்பு. ஒன்றில் வயலின்கள் தனித்தனியாகக் கேட்கும். இன்னொன்றில் கேசட்டிலிருந்து எடுத்தது போல மேல்சுருதி எல்லாம் கம்பளிக்குள் கிடக்கும். நாலையும் கேட்டு நல்லதைச் சேமித்து வைப்பது இலவசம், சந்தாவை உயர்த்துவதைவிடப் பலன் அதிகம்.

ப்ளூடூத்தா, வைஃபையா

ப்ளூடூத்தைத் திட்டுவது ஒரு ஃபேஷன். அவ்வளவு மோசமில்லை. எல்லாச் சாதனத்திலும் இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்கும் முறை நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பும், ஐபோன் ஏஏசி முறையில் அனுப்பும், சோனியின் எல்டேக் நன்றாகப் பிடித்தால் 990 வரை போகும். சமைக்கும்போது கேட்க, விருந்தாளி வந்து தன் போனிலிருந்து ஒரு பாட்டுப் போட, ப்ளூடூத் போதும். ஆனால் லாஸ்லெஸ் சந்தாவுக்குக் காசு கட்டிவிட்டு எஸ்பிசியில் கேட்பது, கறந்த பாலை வாங்கி வந்து தண்ணீர் ஊற்றிக் காய்ச்சுவது போல.

எனக்கு வைஃபை பிடிக்கக் காரணம் ஒலித்தரம்கூட இல்லை. ப்ளூடூத்தில் பாட்டு போன் வழியாகப் போகிறது. போன் அடித்தால் பாட்டு நிற்கும், வாட்ஸ்அப் "டிங்" ஸ்பீக்கரில் ஒலிக்கும், போனோடு மாடிக்குப் போனால் விக்கும். ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற வைஃபை முறையில் போன் வெறும் ரிமோட். ஆம்ப்பில் சொருகிய ஸ்ட்ரீமர் பெட்டியே நேராக இன்டர்நெட்டிலிருந்து பாட்டை இழுத்துக்கொள்ளும். போனை அணைத்தாலும் கச்சேரி ஓடும். ஆப்பிள் மியூசிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மலிவான ஸ்ட்ரீமர்கள் பலவற்றில் ஆப்பிள் மியூசிக் உள்ளேயே இருக்காது, ஏர்ப்ளே என்ற ஆப்பிளின் வைஃபை முறை வழியாகத்தான் அனுப்ப வேண்டும். வாங்கும் முன் ஏர்ப்ளே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கம்பெனியின் ஒரு மாடலில் இருக்கும், புது மாடலில் இருக்காது.

அப்புறம், செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் போட்ட வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இரண்டு சுவர் தாண்டாது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் டிவி இருக்கும் சுவருக்கு ஒரு லேன் ஒயர் இழுத்து வைத்துவிடுங்கள்.

நாலு வழி

முதல் வழிக்கு, கடைக்காரர் சொன்ன சவுண்ட்பாரை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளப் பெட்டிக்குள் இடதும் வலதும் அடக்கம். பாடுபவர் நடுவில், வீணை இடப்பக்கம், மிருதங்கம் வலப்பக்கம் என்று விரியும் மேடை அதில் கிடைக்காது; பெட்டியை விட அகலமாக ஒலிக்க மென்பொருள் வித்தை காட்டுவார்கள், படத்துக்கு அது ஓடும், பாட்டுக்கு ஒட்டாது. பெரும்பாலானவற்றில் பெட்டியில் இருக்கும் ஸ்பீக்கர்கள் சின்னவை என்பதால் ஆண் குரலின் அடிப்பாகமே சப்வூஃபருக்குப் போய்விடும். சோபாவுக்குப் பின்னால் வைத்த சப்வூஃபரிலிருந்து பாடகரின் நெஞ்சு மட்டும் தனியாகப் பாடுவது போலிருக்கும். டால்பி அட்மாஸில் பாட்டுகள் வருகின்றனவே என்பார்கள். வருகின்றன. ஆனால் நாம் கேட்கும் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இடது, வலது என்ற இரண்டு ஸ்பீக்கர் ஸ்டீரியோவுக்காகச் செய்தவை, அதற்கும் முன்னால் போனால் இரண்டாகப் பிரிக்காத மோனோ. படம் முக்கியம், பாட்டு ஓரமாக என்றால் சவுண்ட்பார் வாங்குங்கள், குறையில்லை. மச்சினன் கேட்டது நேர்மாறு.

ஹோம்பாடும் இதே வகைக்குள்தான் வரும், ஆனால் இசைக்கு சவுண்ட்பாரைவிட நல்லது. ஆப்பிள் மியூசிக் லாஸ்லெஸை நேராக இழுக்கும், அறைக்குத் தகுந்தபடி தன்னைத் திருத்திக்கொள்ளும். இரண்டாம் தலைமுறை 2023இல் இந்தியாவுக்கு 32,900 ரூபாய்க்கு வந்தது. ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டும், 65,800. பட்ஜெட் தாண்டிவிட்டது. தாண்டாவிட்டாலும் நான் சொல்லமாட்டேன்: திருப்பிப் பாருங்கள், பாட்டு உள்ளே போக ஒரு ஓட்டையும் இல்லை. என் வீட்டில் ஏற்கெனவே ஒரு பூந்தொட்டி ஸ்டாண்ட் இருக்கிறது.

இரண்டாவது வழி, ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கர் ஜோடி. எடிஃபையர் ஆர்1280டிபி இதற்கு நல்ல உதாரணம்: பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் இரண்டு ஸ்பீக்கர், பேஸுக்கான 4 அங்குல வூஃபர், மொத்தம் 42 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் உண்மையான வாட்), ப்ளூடூத், ஒயர் சொருக ஆப்டிகல், கோஆக்சியல், இரண்டு ஜோடி ஆர்சிஏ ஓட்டைகள். பின்பக்கம் பார்த்தால் மனசு நிறையும். சின்ன அறைக்கும் படிக்கும் மேசைக்கும் இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம் என்றே சொல்வேன். 12க்கு 15 அடி ஹாலில் 4 அங்குல வூஃபருக்கு மூச்சு வாங்கும். இதே வகையில் பெரியதாக, 5 அங்குலம், 8 அங்குலம் என்று ஸ்டுடியோ மானிட்டர்கள் உண்டு. ஜேபிஎல் 305பி, யமஹா எச்எஸ்5 மாதிரி. ஒலி நேர்மையாக இருக்கும். ஆனால் பக்கத்துக்கு ஒரு கரன்ட் ஒயர், ஒரு சிக்னல் ஒயர், வால்யூமைக் கூட்டிக் குறைக்க முன்னால் வேறொரு பெட்டி. ராத்திரி ஃபேனை நிறுத்தினால் சில மாடல்களில் மெல்லிய "உஸ்" கேட்கும். ஆம்ப் பழுதானால் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டும் என்பதும் இந்த வகைக்குள்ள குறை.

மூன்றாவது, ஸ்ட்ரீமரும் ஆம்பும் ஒரே பெட்டியில், ஸ்பீக்கர் தனியாக. விம் ஆம்ப் இந்த வகை: 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 60 வாட், டிவியின் ஒலியைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஆர்க் இருப்பதால் டிவி ரிமோட்டிலேயே வால்யூம் மாறும், சப்வூஃபருக்குத் தனி ஓட்டை, அறைத் திருத்தமும் உண்டு. ஒரே பெட்டி, ஒரே ரிமோட். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதன் அருமை தெரியும். நாளைக்கு ஆப் செத்தாலும் ஆக்ஸும் ஆப்டிகலும் இருப்பதால் பெட்டி சாதாரண ஆம்பாக வாழும். நாலாவது வழிக்கு இதுதான் நேர்ப்போட்டி. எனக்கு இடித்தது விலை: பாதிக்கு மேல் பணம் இந்தப் பெட்டிக்கே போய், ஸ்பீக்கருக்கு 25,000 கூட மிஞ்சாது.

நாலாவது எல்லாம் தனித்தனி: ஒரு ஜோடி ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப், ஒரு சின்ன ஸ்ட்ரீமர். பார்க்க மூன்று பெட்டி, ஒயர் அதிகம். பணம் போக வேண்டிய இடத்துக்கு, அதாவது ஸ்பீக்கருக்கு, பாதிக்கு மேல் போகும். ஓயாமல் மாறும் ஸ்ட்ரீமருக்குக் குறைவாகப் போகும்.

ஆம்ப் விஷயத்தில் வாட் பயம் வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் செட் வாங்கிய தலைமுறைக்கு "2000 வாட் பிஎம்பிஓ" ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கும்; அதற்குள் உண்மையில் இருந்தது பத்துப் பதினைந்து வாட். இன்றைக்கும் ஆர்எம்எஸ் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலான ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 85 முதல் 88 டெசிபெல் தரும். இரண்டு ஸ்பீக்கர், பத்தடி தூரத்தில் சோபா என்று கணக்குப் போட்டால் ஒரே வாட்டில் 80 டெசிபெல் பக்கம் வந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் அடுக்களையிலிருந்து "சத்தத்தைக் குறை" என்று குரல் வரும். தவில் அடி போன்ற உச்சங்களுக்குத்தான் முப்பது, நாற்பது வாட் வேண்டும். சத்தம் 3 டெசிபெல் கூடவே வாட் இரண்டு மடங்காக வேண்டும் என்பதால் 50க்கும் 70க்கும் வித்தியாசமே தெரியாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப்பை வைத்து ஃபோசி, ஐயிமா போன்ற சீனக் கம்பெனிகள் செய்யும் கையடக்க ஆம்ப்கள் இந்த வேலையைச் சுளுவாகச் செய்கின்றன. இங்கேயே செய்யும் நோர்ஜ் வாங்கினால் பழுது பார்ப்பது எளிது. 1970இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைனின் பழைய ஆம்ப் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் தூங்கினால், வாங்குவதற்கு முன் அதைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள்.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், 3 மீட்டர் போய்த் திரும்ப 0.04 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது தூசு. அலுமினியத்துக்குச் செப்பு முலாம் பூசியதைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

(ஹெட்போன் பற்றி ஒரு வார்த்தை. தனியாகக் கேட்பவர் என்றால் இந்தக் கட்டுரையே வேண்டாம். ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்போன் அடாப்டர் ஒன்று, ஐந்தாறாயிரத்துக்கு ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் ஒன்று. லட்ச ரூபாய் செட்டில் கேட்காத நுணுக்கமெல்லாம் கேட்கும். அறையின் எதிரொலி அங்கே இல்லாததுதான் காரணம்.)

அறை

அந்த எதிரொலிதான் நம் வீடுகளின் பெரிய வில்லன். வெளிநாட்டு விமர்சனங்களில் ஒரு ஸ்பீக்கரை "இதமானது" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் வீட்டில் தரை முழுக்கக் கம்பளம், சுவர் பலகை. அதே ஸ்பீக்கரை டைல்ஸ், சிமென்ட் பூச்சு, கண்ணாடி ஜன்னல் உள்ள நம் ஹாலில் வைத்தால் "ஸ", "ஷ" எல்லாம் ஊசி மாதிரி குத்தும். ஹால் நடுவில் நின்று ஒரு தட்டு கை தட்டிப் பாருங்கள். "டிர்ர்" என்று இழுத்தால் எந்த ஸ்பீக்கர் வாங்கியும் முழுப் பலன் வராது.

மருந்து வீட்டிலேயே இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கனத்த விரிப்பு. பவானி ஜமக்காளம் அழகு, ஆனால் மெல்லியது, உச்சச் சுருதியை மட்டும் கொஞ்சம் தின்னும்; இரண்டாக மடித்துப் போட்டால் பரவாயில்லை. ஜன்னலுக்குக் கனத்த திரைச்சீலை. பின்சுவரில் புத்தக அலமாரி. வீம்புக்காகச் சொல்லவில்லை, பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைப் பின்சுவரில் சாய்த்து வைத்து ஒரு பாட்டுக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஸ்பீக்கரை மாற்றும் எண்ணமே சிலருக்குப் போய்விடும். மெத்தையை நிரந்தரமாக ஹாலில் வைக்க எந்த வீட்டிலும் விடமாட்டார்கள் என்பது வேறு.

பேஸ் வேறு மாதிரி தொல்லை. 12 அடி அகலத்தில் 47 ஹெர்ட்ஸும், 15 அடி நீளத்தில் 37 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் மோதி நிலைத்து நிற்கும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதனால்தான் சில பாட்டில் ஒரே ஒரு சுரம் மட்டும் "கும்" என்று வீங்கி, அடுத்த சுரம் காணாமல் போகிறது. சோபாவைப் பின்சுவரோடு ஒட்டியும் ஸ்பீக்கரை மூலையில் சொருகியும் வைப்பது நம் வழக்கம்; இரண்டும் இந்த வீக்கத்தை அதிகமாக்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் (மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) காதின் உயரத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாக வரும்படி உட்காருங்கள். சரியாக அமைந்தால் அந்தக் கால மோனோ பதிவில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் இரண்டு ஸ்பீக்கரையும் விட்டு விலகி, நடுவில் ஒன்றுமில்லாத சுவரிலிருந்து வரும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை, அளவு நாடா போதும்.

மச்சினன் கடைசியில் நாலாவது வழிக்கே வந்தான். ரப்பர் விளிம்பும் ஐந்து அங்குல வூஃபரும் உள்ள ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடிக்கு முப்பத்துமூன்றாயிரம், சின்ன ஆம்ப் ஒன்று பத்துக்குள், ஆப்டிகல் உள்ளீடும் ஏர்ப்ளேயும் உள்ள ஸ்ட்ரீமர் ஒன்று பதினைந்துக்குள். ஸ்டாண்டை ஆசாரியிடம் சொல்லித் தேக்குத் துண்டில் செய்துகொண்டான். ஒரு ரிமோட் இல்லையே என்று அத்தை முணுமுணுத்தார். சீரியலும் செய்தியும் டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே ஓடட்டும் என்று முடிவாயிற்று.

அந்த முடிவு ஒரு வாரம் தாங்கியது. கிரிக்கெட்டுக்காக டிவியின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஆம்ப்புக்கு ஒரு ஒயர் போட்டிருக்கிறான். உடனே "ம்ம்ம்" என்று ஒரு முனகல், பாட்டு நின்றாலும் நிற்கவில்லை. கேபிள் டிவி ஒயர் வழியாக வரும் எர்த்தும் வீட்டுப் பிளக்கின் எர்த்தும் அந்தச் சிக்னல் ஒயரில் சந்தித்துக்கொண்டதால் வந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் அது. ஒயரைப் பிடுங்கிவிட்டு டிவியிலிருந்து ஸ்ட்ரீமருக்கு ஆப்டிகல் கேபிள் போடச் சொன்னேன். அதில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது, முனகல் அடங்கியது. முன்னூறு ரூபாய் கேபிள்.

மிச்சமிருந்த பணத்தில் விரிப்பு வாங்கியிருக்கிறான். சப்வூஃபர் வேண்டுமா என்று போன வாரம் கேட்டான். ஆறு மாதம் கேட்டுவிட்டுச் சொல்லு என்றேன். "இப்பவே ஒண்ணு தெரியுது மாமா, ஃபேனை ரெண்டுல வச்சாத்தான் தம்புரா கேக்குது" என்றான்.